300 சதுர அடி வீட்டில் ஐந்து பேர்: சோபாக் கட்டிலா, அடுக்குக் கட்டிலா, வேறு வழி உண்டா?

நொய்யல்_கரை, திருப்பூர்:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் மங்கலம் சாலைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் ஏழு ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். நான், மனைவி, வரும் ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகும் மகள், ஐந்தாம் வகுப்பு மகன், மூட்டு வலியுள்ள என் அம்மா என ஐந்து பேர். கூடம் கிழக்கு மேற்காக 14 அடி, தெற்கு வடக்காக 10 அடி. அதற்கு மேற்கே கிழக்கு மேற்கில் 9 அடியும் தெற்கு வடக்கில் 10 அடியுமாக ஒரே படுக்கையறை. கூடத்துக்குத் தெற்கே 8 அடிக்கு 6 அடிச் சமையலறையும் அதையொட்டிக் குளியலறையும் உள்ளன. எல்லாம் சேர்த்து 300 சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலாக வரும்.

படுக்கையறையில் ஆறரைக்கு ஐந்தடிக் கட்டில் ஒன்று கிடக்கிறது; அதில் அம்மாவும் மகளும் படுக்கிறார்கள். மேற்குச் சுவரில் சன்னலைப் பாதி மறைத்தபடி இரும்பு பீரோ நிற்கிறது. கூடத்தின் வடக்குச் சுவரோரம் பழைய திவான். எதிரே தெற்குச் சுவரோரம் ஃபிரிட்ஜ், டிவி மேசை, மனைவியின் தையல் மெஷின். இரவில் நாங்கள் இருவரும் மகனும் கூடத்தில் பாய் விரித்துக்கொள்கிறோம். மகளுக்குப் படிக்க ஓர் இடமில்லை. கட்டிலில் சம்மணமிட்டு, மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் நோட்டை வைத்து எழுதுகிறாள். கணக்குப் படம் போடும்போது கவராயத்தின் முனை தலையணையில் இறங்கிவிடுகிறது என்று சிரிக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடையில் ஒரு சோபாக் கட்டிலை 28,000 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக அடுக்குக் கட்டில் போடலாமா என்றும், வீடியோக்களில் காட்டும் சுவரோடு மடங்கும் கட்டில் நமக்கு ஒத்துவருமா என்றும் யோசனை இருக்கிறது. மொத்தத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் சுவரில் துளை போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லியிருக்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

அளவுநாடா, ஈரோடு:

தம்பி, கட்டட மேற்பார்வைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீடு சிறியதுதான். ஆனால் வாழத் தகாத அளவு அன்று. இரண்டு அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறை 9.5 சதுர மீட்டரும் மற்றது 7.5 சதுர மீட்டரும் இருந்தால் போதும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. உங்கள் கூடம் 13 சதுர மீட்டர், படுக்கையறை 8.3 சதுர மீட்டருக்கு மேல். 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டுத் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உட்பரப்பே 30 சதுர மீட்டர் வரைதான் இருந்தது, அதாவது ஏறக்குறைய 323 சதுர அடி. ஆகவே இந்த அளவில் குடும்பம் நடத்துகிறவர்கள் நம் ஊரில் ஏராளம்.

மடக்கு சாமான் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அது மடங்கியிருக்கும் அளவைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். பார்க்க வேண்டியது விரிந்த அளவை. அத்துடன், அதை விரிப்பதற்கு முன் எதையெல்லாம் நகர்த்த வேண்டியிருக்கும் என்பதையும் எண்ண வேண்டும். நீங்கள் பார்த்த சோபா மடங்கியிருக்கையில் 3 அடி ஆழம் இருக்கும். முன்பக்கமாக இழுத்து விரிக்கும் வகையானால் ஆறேகால் அடி வரும். உங்கள் கூடத்தின் அகலம் 10 அடி. மிச்சம் மூன்றேமுக்கால் அடி. எதிர்ச் சுவரில் ஃபிரிட்ஜ் 2 அடியை எடுத்துக்கொண்டால் ஒன்றேமுக்கால் அடிச் சந்துதான் இருக்கும். இரவில் மூட்டு வலியோடு குளியலறைக்குப் போகும் அம்மா அந்தச் சந்தில் கைத்தடியோடு எப்படித் திரும்புவார்? ஆள் தாராளமாக நடக்க இரண்டரை அடி வேண்டும். நெருக்கிப் பிடித்தாலும் 2 அடிக்குக் குறைக்கக் கூடாது.

எந்தச் சாமானையும் வாங்குவதற்கு முன் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, அதன் விரிந்த அளவுக்கு வெட்டித் தரையில் போடுங்கள். ஓர் இரவு முழுக்க அது அங்கேயே கிடக்கட்டும். காலையில் எந்தத் தாள் கிழிந்திருக்கிறது என்று பாருங்கள்.

சிங்காநல்லூர்_மாடி, கோவை:

அளவுநாடா ஐயா சொல்வது உண்மை. நான் ஆறு ஆண்டுகளுக்கு முன் சோபாக் கட்டில் வாங்கியவள் என்பதால் அதன் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். கடையில் விற்பனையாளர் ஒரு கையால் இழுத்தார். வாய்க்கால் மடை திறந்ததுபோலச் சத்தமின்றி விரிந்தது. வீட்டில் முதல் மாதம் நானும் தினமும் மடக்கினேன். இரண்டாம் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மடக்காமல் விட்டேன். தீபாவளிக்குப் பிறகு அது நிரந்தரக் கட்டிலாகிவிட்டது. உட்காருவதற்கு நாற்காலி வாங்கிப் போட்டோம்.

சோம்பல் மட்டும் காரணமல்ல. சோபா மடங்கிவிடும், அதன்மேல் கிடந்த நான்கு தலையணையும் இரண்டு போர்வையும் எங்கே போகும்? அவற்றைத் தினமும் தூக்கிப் போய்ப் படுக்கையறையில் வைத்து, இரவில் மறுபடி எடுத்து வர வேண்டும். அங்கே மாமியார் எட்டரை மணிக்கே படுத்துவிடுவார். மடக்கு சாமான் வாங்குவதற்கு முன் அதன் தலையணைக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். இடம் இல்லையென்றால் அந்தச் சாமான் மடங்காது. மேலும், நடுவில் மடிப்பு விழும் மெத்தையில் ஓராண்டு படுத்தபின் என் கணவருக்கு இடுப்பு வலி வந்ததையும் சொல்ல வேண்டும். விருந்தாளிக்கு மாதம் இரண்டு நாள் விரிப்பதற்கு அது நல்ல பொருள். தினப்படி உறக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இழைப்புளி, பொள்ளாச்சி:

மரவேலையில் 22 ஆண்டுகள் ஆகின்றன. சுவர்க் கட்டில் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

அது புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் லாரன்ஸ் மர்பி என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்குக் காப்புரிமை வாங்கி விற்றார். அவர் பெயரே அந்தக் கட்டிலுக்குப் பொதுப்பெயராகிவிட்டது என்று 1989-இல் அங்கே ஒரு நீதிமன்றம் சொல்லும் அளவுக்கு அது பரவியது. நிமிர்த்தும்போதும் இறக்கும்போதும் கட்டில், மெத்தை ஆகியவற்றின் எடையெல்லாம் சட்டத்தின் வழியே சுவரையும் தரையையும் இழுக்கும். ஆகவே சுவர் எதனால் ஆனது என்பதே முதல் கேள்வி. திருப்பூர்ப் பக்கம் வாடகைக்கு விடக் கட்டிய மாடிகள் பல ஹாலோ பிளாக் சுவர்கள். விரலால் பல இடங்களில் தட்டிப் பாருங்கள். சில இடத்தில் டொப்பென்று கேட்டால் அதுவேதான். அதில் துளை போட்டால் கல்லின் ஏறக்குறைய ஓர் அங்குல மேலோட்டைத் தாண்டியதும் வெற்றிடம். பிளக் உள்ளே பிடிமானமின்றிச் சுற்றும். திருகாணி இறுகியதுபோல் தோன்றிப் பத்தாம் நாள் பெயர்ந்து வரும். உங்கள் வீட்டுக்கு மடங்கும் சுவர்க் கட்டில் வேண்டாம். சுவரில் தொங்கும் மடக்கு மேசையும் வேண்டாம். எதைச் செய்தாலும் கால் தரையில் ஊன்றட்டும். சுவர் சாய்ந்துகொள்வதற்கு மட்டும் இருக்கட்டும்.

அடியில் பெட்டி வைத்து, மேற்பலகையைக் கேஸ் ஸ்பிரிங் (வாயு அழுத்தத்தால் தள்ளும் தண்டு) கொண்டு தூக்கும் கட்டிலையும் யாராவது சொல்வார்கள். அதில் நான் பட்டதைச் சொல்கிறேன். கிணத்துக்கடவில் ஒரு வீட்டுக்கு அப்படியொரு கட்டில் செய்தேன். அவர்கள் பஞ்சு மெத்தை போடப்போவதாகச் சொன்னார்கள். அந்த எடையைக் கணக்கிட்டு வலுவான ஸ்பிரிங் பூட்டினேன். சித்திரையில் மெத்தையை வெயிலில் காயவைக்க மொட்டை மாடிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். மெத்தையின் பாரம் இல்லாத பலகை விருட்டென்று மேலே போய் நின்றுவிட்டது. அந்த அம்மா தன் முழு எடையையும் போட்டு அழுத்தியும் இறங்கவில்லை. நான் போய், இருபுறமும் உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றைக் கழற்றிய பிறகுதான் மூடியது. குற்றம் என்னுடையது: மெத்தையை எடுக்கும் நாளும் வரும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. பஞ்சு மெத்தை வைத்திருப்பவர்கள் கையால் தூக்கும் இரட்டைக் கதவுப் பலகையோ பக்கவாட்டு இழுப்பறையோ கேட்டு வாங்குவது நல்லது.

பலகை பற்றி ஒரு சொல். மரத்தூள் அழுத்திய பலகையில் செய்த மேசை விலை குறைவாகக் கிடைக்கும். தரை கழுவும் நீர் அதன் காலில் ஓராண்டு பட்டால் அடிப்பகுதி ரொட்டி ஊறியதுபோல் உப்பிவிடும். பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர எண் பொதுப் பயனுக்கு, ஐ.எஸ். 710 என்பது தண்ணீர் புழங்கும் இடத்துக்கு. படிப்பு மேசைக்கு 303 போதும். 710 தான் போட வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், அவர் உங்கள் பணத்தில் தாராளம் காட்டுகிறார்.

கிரில்_பட்டறை, கணபதி, கோவை:

அடுக்குக் கட்டில் மாதம் ஒன்றாவது செய்து கொடுக்கிறவன் நான். வேலை வேண்டும் என்பதற்காகத் தவறான வழி சொல்லக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கூரையின் உயரத்தைச் சொல்லுங்கள். 9 அடி என்று வைத்துக்கொண்டால், மின்விசிறியின் இறக்கை 8 அடி உயரத்தில் சுற்றும். மேல் கட்டிலின் தளம் 5 அடியில் இருந்தால்தான் கீழே இருப்பவர் தலை இடிக்காமல் உட்காரலாம். அதன்மேல் 4 அங்குல மெத்தை. பையன் எழுந்து உட்கார்ந்தால் தலை எட்டடியை நெருங்கிவிடும். கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. விசிறி கட்டிலிலிருந்து நன்றாகத் தள்ளி இருந்தால் செய்யலாம். 9 அடி அறையில் விசிறி நடுவில்தான் இருக்கும்.

இரண்டாவது, உங்களுடையது மேல்மாடி. மேலே கான்கிரீட் தளம், அதற்கு மேலே பங்குனி சித்திரை வெயில். இரவு பதினொரு மணிக்கும் தளத்திலிருந்து அனல் இறங்கும். தரையில் படுப்பவருக்குத் தெரியாத அந்தச் சூடு, மேல் கட்டிலில் நான்கடி தூரத்தில் முகத்துக்கு நேரே இருக்கும். இரண்டு கோடைக்குப் பிறகு மேல் கட்டிலைத் துணி மூட்டை வைக்கும் அட்டாலியாகப் பயன்படுத்தும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கூடத்துக்கு என் யோசனை இழுப்புக் கட்டில். 6 அடிக்கு இரண்டரை அடியில், இப்போதுள்ள திவானைப் போலவே ஒரு கட்டில். அதன் அடியில் ஓரிரு அங்குலம் சிறியதாக, சக்கரம் வைத்த இன்னொரு கட்டில். பகலில் உள்ளே தள்ளிவிட்டால் திவான் மட்டுமே தெரியும். இரவில் இழுத்தால் மொத்தம் 5 அடி அகலம். 10 அடிக் கூடத்தில் 5 அடி போக, ஃபிரிட்ஜுக்கு 2 அடி போக, நடைக்கு 3 அடி மிச்சம். சிங்காநல்லூர் அக்கா கேட்ட தலையணைக் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. மேல் சட்டத்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து பன்னிரண்டரை அங்குலத்தில் வரட்டும். கீழ்க் கட்டில் சக்கரம், சட்டம், பலகை, மெத்தை எல்லாம் சேர்ந்து 8 அங்குலத்துக்குள் முடிந்துவிடும். இடையில் இருக்கும் நாலரை அங்குலத்தில் தலையணையும் போர்வையும் விரித்த விரிப்பும் அப்படியே கிடக்கலாம். யாரும் எதையும் சுமக்க வேண்டாம்.

ஒன்றரை அங்குலச் சதுர பைப், 16 கேஜ். 18 கேஜ் என்றால் தகடு மெல்லியது, விலை குறையும். ஆனால் பெரியவர்கள் படுத்துப் புரளும் கட்டிலில் ஓராண்டுக்குள் கிறீச்சென்று பேசத் தொடங்கும். தலைப்பக்கமும் கால்பக்கமும் போல்ட் போட்டுக் கழற்றும்படி கேளுங்கள். மாடிப்படியின் அகலத்தையும் திருப்பத்தையும் அளந்தீர்களா?

பவானித்_தறி, பவானி:

எல்லோரும் சாமானைச் சேர்ப்பது பற்றியே பேசுகிறீர்கள். குறைப்பது பற்றி ஒருவராவது பேச வேண்டுமே. எங்கள் அப்பாரு (தாத்தா) வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், பகலில் ஒரு பொருள் தரையில் இருக்காது. கயிற்றுக் கட்டிலைச் சுவரில் சாய்த்துவிடுவார்கள், ஜமுக்காளத்தைச் சுருட்டிக் கொடியில் போடுவார்கள். அதே இடத்தில் காலையில் மஞ்சள் தரம் பிரிப்பார்கள், மத்தியானம் பந்தி போடுவார்கள், இரவில் பன்னிரண்டு பேர் உறங்குவார்கள். எங்கள் ஊர் ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் அதைச் சோபா விரிப்பாக வாங்குகிறவர்கள்தாம் மிகுதி. ஒரு நல்ல ஜமுக்காளமும் ஒரு மெல்லிய மெத்தையும் இருந்தால் 28,000 ரூபாய் மிச்சம் என்பது என் கருத்து.

சிங்காநல்லூர்_மாடி, கோவை:

அண்ணா, அந்த ஆசாரத்தைத் தினமும் இரண்டு வேளை சுருட்டி விரித்தவர் உங்கள் அப்பாருவா, ஆத்தாவா?

பவானித்_தறி, பவானி:

ஆத்தாதான். ஒப்புக்கொள்கிறேன். மூட்டு வலி உள்ளவரைத் தரையில் படுக்க வைக்கவும் நான் சொல்லவில்லை. பையனுக்காவது புதுக் கட்டில் வேண்டாம். மடக்கும் நாடாக் கட்டில் ஒன்று வாங்கினால், பகலில் கதவின் பின்னால் அரையடிக்குள் நின்றுவிடும். நாடா தொய்ந்தால் அவிழ்த்து இழுத்துக் கட்டலாம்.

நொய்யல்_கரை, திருப்பூர்:

அனைவருக்கும் நன்றி. அளவுநாடா ஐயா சொன்னபடி செய்தித்தாளை வெட்டிப் போட்டோம். சோபாக் கட்டிலின் தாள் காலையில் நான்கு துண்டுகளாகக் கிடந்தது. அம்மா ஒரு முறையும், தண்ணீர் குடிக்க மகன் இரண்டு முறையும் அதன்மேல் நடந்திருக்கிறார்கள். அந்த யோசனையை விட்டுவிட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன். ஹாலோ பிளாக் தான். மாடிப்படி இரண்டரை அடி அகலம், நடுவில் ஒரு திருப்பம். இப்போதுள்ள பெரிய கட்டிலையே ஏழு ஆண்டுகளுக்கு முன் கயிறு கட்டித் தெருப் பக்கமாக மேலே ஏற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அளக்கும்போது வேறொன்றும் தெரிந்தது. படுக்கையறைக் கட்டிலின் அடி முழுவதையும் மனைவியின் சீர்ப் பாத்திரங்கள் பிடித்திருக்கின்றன: இரண்டு அண்டா, ஒரு குத்துவிளக்கு, எட்டுத் தவலை. ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்குக்கூட அவை வெளியே வருவதில்லை. சமையலறைத் தரையில் பழைய பெரிய கிரைண்டர் இரண்டடி இடத்தை அடைத்து நிற்கிறது. மாவு அரைப்பதோ மேடை மேலிருக்கும் சின்னக் கிரைண்டரில். அவற்றை எடுக்கச் சொல்லும் துணிவு எனக்கு வந்தால் பாதி வேலை முடியும்.

சிக்கல் பீரோவில் இருக்கிறது. அது கன்னி மூலையில், அதாவது தென்மேற்கு மூலையில்தான் நிற்க வேண்டும் என்பது அம்மாவின் உறுதியான கட்டளை. அது அங்கே நிற்பதால்தான் மேற்குச் சன்னலைத் திறக்க முடியவில்லை.

அளவுநாடா, ஈரோடு:

அம்மாவோடு வாதாட வேண்டாம். பீரோ இப்போது மேற்குச் சுவரில் முதுகை வைத்துக் கிழக்கே பார்க்கிறதா? அப்படியானால் சுவரில் அது அடைப்பது 3 அடி. அதைக் கால் வட்டம் திருப்புங்கள். தெற்குச் சுவரில் முதுகு, முகம் வடக்கே. அதே கன்னி மூலை. மேற்குச் சுவரில் இப்போது அதன் ஆழமான 19 அங்குலம் மட்டுமே மறையும். சன்னல் மூலையிலிருந்து 2 அடி தள்ளித் தொடங்கினால் முழுதும் விடுபடும். பண பீரோ வடக்கு பார்ப்பது உத்தமம் என்று வாஸ்து பார்ப்பவர்களே சொல்வார்கள் என்பதால் அம்மாவுக்கும் மகிழ்ச்சி.

கட்டிலின் தலைமாட்டைத் தெற்குச் சுவரில் வைத்துக் கிழக்குச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். 9 அடியில் கட்டில் 5 அடி போக மேற்கே 4 அடிப் பட்டை கிடைக்கும். சன்னலின் கீழே ஒன்றரை அடி ஆழ மேசை, நாற்காலிக்கு மிச்சம் இரண்டரை அடி. உங்கள் மகளின் இடம் அதுதான். பீரோவின் ஒவ்வொரு கதவும் ஒன்றரை அடி. வடக்கே அந்தளவு விட்டு மேசையைத் தொடங்குங்கள். அறைக் கதவு கூடத்திலிருந்து கட்டிலின் கால்மாட்டுக்குப் பின்னால் திறக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்றரை அடி இருக்கும்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று உங்கள் ஊரிலும் பல்லடத்திலும் ஆளைத் தள்ளும். அந்தக் காற்றை ஏழு ஆண்டுகளாக ஒரு பீரோவின் முதுகில் மோத விட்டிருக்கிறீர்கள்.

வால்பாறை_மழை, வால்பாறை:

எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்; மூன்று விரல் இடைவெளி விடுங்கள். எங்கள் மழையில் ஒட்டி வைத்த மர அலமாரியின் பின்பலகை ஒரே பருவத்தில் பூஞ்சை படர்ந்து வெளுத்துவிடும். திருப்பூரில் அவ்வளவு ஈரம் இல்லையென்றாலும், குளியலறைச் சுவரின் மறுபக்கம் எந்தச் சாமான் வருகிறது என்று பாருங்கள். இழுப்புக் கட்டிலின் கீழ் மெத்தையும் காற்றில்லாமல் கிடப்பதால், வாரம் ஒருநாள் பகலிலும் வெளியே இழுத்து விடுவது நல்லது.

சிங்காநல்லூர்_மாடி, கோவை:

கிரைண்டரை எடுத்த இடத்தில் சிலிண்டரை வைத்துக் கதவு போட்டு அழகாக மூடிவிடலாம் என்று தோன்றும். மூடுவதானால் கதவின் அடியில் காற்றோட்டத் துளை கட்டாயம் வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடுதான் தேங்கும். மேலே மட்டும் துளை வைத்த அழகான அலமாரிகளைப் பார்த்து நான் பலமுறை பதறியிருக்கிறேன்.

இழைப்புளி, பொள்ளாச்சி:

கட்டிலை இரும்பில் செய்யச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. வேப்பமரத்தில் செய்தால் பூச்சியும் அண்டாது, கோடையில் தொட்டால் சுடவும் செய்யாது. ஆனால் மாடிப்படித் திருப்பத்தையும் பட்ஜெட்டையும் பார்க்கும்போது பட்டறைத் தம்பி சொன்னதே சரி. மேசையையாவது மரத்துக்கு விடுங்கள். 3 அடிக்கு ஒன்றரை அடி மேசை, வலப்பக்கம் ஒன்றேகால் அடிக்குக் கீல் வைத்த துணைப்பலகை. படிக்கும்போது தூக்கி முட்டுக் கொடுத்தால் நாலேகால் அடி; மற்ற நேரம் பக்கவாட்டில் தொங்கும். உயரம் 30 அங்குலம். உங்கள் மனைவி துணி வெட்டவும் அதே பலகை உதவும்.

நொய்யல்_கரை, திருப்பூர்:

மூன்று மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும். ஏற்ற இறக்கக் கூலியோடு இழுப்புக் கட்டில் 17,500 ரூபாய், பொள்ளாச்சித் தென்னைநார் மெத்தை இரண்டுக்கு 9,000, மேசை 6,800, மகனின் நாடாக் கட்டில் 2,300. 36,000 ரூபாய்க்குள் முடிந்தது.

பீரோவைத் திருப்பியதுதான் ஒரு காசும் செலவில்லாத வேலை. வீட்டையே மாற்றியதும் அதுதான். அதைக் காலி செய்து நகர்த்த அரை நாள் ஆனது. மாலையில் மேற்கு வெயில் மேசையில் நேராக விழுவதால் திரை தைத்துப் போட்டிருக்கிறோம். ஆடிக் காற்றில் முதல் வாரம் விடைத்தாள்களெல்லாம் கட்டிலடியில் போய்ப் பதுங்கின. இப்போது அம்மா தானியம் அளக்கும் தன் பழைய இரும்பு வள்ளத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மகள் அதில் பேனாக்களைப் போட்டு, அதையே தாள்களின் மேல் வைத்துக்கொள்கிறாள். சீர்ப் பாத்திரங்களில் ஓர் அண்டா மட்டும் மச்சினர் வீட்டுக்குப் போனது. மற்றவை அங்கேயே இருக்கின்றன. அதைப் பற்றி நான் மேலும் பேசுவதாக இல்லை. பெரிய கிரைண்டர் போய்விட்டது.

குறை என்று சொன்னால் இரண்டு. கூடத்தில் ஒரு டைல் மற்றவற்றைவிட நூலளவு உயர்ந்திருப்பதால் கீழ்க் கட்டிலின் சக்கரம் அங்கே முட்டி நிற்கிறது. சற்றுத் தூக்கி இழுக்க வேண்டியிருக்கிறது. கட்டிலைச் செய்வதற்கு முன் தரையில் ஒரு கோலியை உருட்டிப் பார்த்திருக்கலாம். மற்றொன்று, மேசையின் துணைப்பலகைக் கீல் தூக்கும்போதெல்லாம் கிறீச்சிடுகிறது. மகள் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து படிப்பதால், அந்தச் சத்தத்தில் அம்மாவும் எழுந்துவிடுகிறார். தேங்காய் எண்ணெய் விடலாமா?

இழைப்புளி, பொள்ளாச்சி:

தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்து, தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும். வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதல்லவா? அதற்கு விடும் எண்ணெயில் இரண்டு சொட்டுப் போதும். கீலின் மேல் முனையில் விட்டு, பலகையைப் பத்து முறை தூக்கி இறக்குங்கள். வழியும் எண்ணெயைத் துடைத்த பிறகே நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.